வெள்ளித்தாளில் அம்மா

பீப்பாயின் தீக்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. சூட்டில் சுருண்டு புரண்ட தாளின் பின்பக்கத்தில், சுருக்கம் விழுந்த இமையோடு, ஒரு பெண்ணின் கண்.

"முதலாளியம்மா, நிறுத்துங்க! அது பெய்ஜென்னோட படம்!"

லியாவ் அம்மா கையிலிருந்த கடைசித் தாள்கட்டையும் உள்ளே போட்டுவிட்டுத்தான் திரும்பினார். எங்கள் ஓவியக்கூடத்தின் முதலாளி. எந்தக் காரியத்தையும் முடித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்.

"படமா? எல்லாம் வெள்ளித்தாள்தானேடி?"

வெள்ளித்தாள்தான். அதில்தான் வினை. தைப்பேயில் ஓவியச் சந்தை திறக்கும் காலையில், அரங்கின் பின்வாசலில் பழமும் பிஸ்கட்டும் படைத்து, நல்ல அண்ணன்மாருக்கு வெள்ளித்தாள் எரிக்காமல் லியாவ் அம்மா கடை விரித்ததே இல்லை. கும்பிட ஆளில்லாமல் செத்து அலைகிறவர்களை 'நல்ல அண்ணன்மார்' என்றுதான் சொல்வோம். பேய் என்று சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? எரிக்கிற தாள் அங்கே அவர்கள் கைக்குப் பணமாகப் போய்ச் சேரும்; வயிறு நிறைந்தால் வியாபாரத்தில் கை வைக்க மாட்டார்கள்.

எங்கள் ஓவியர்களில் இளையவள் பெய்ஜென். அதே வெள்ளித்தாள்களின் பின்பக்கத்தில், தாளுக்குக் கொஞ்சமாக, தன் அம்மாவின் முகத்தை வரைந்திருந்தாள். சுவரில் சேர்த்து ஒட்டினால் ஆளுயர முகம். அந்தப் புத்திசாலி, கடையில் விற்கும் அதே உறையிலேயே கட்டிக் கொண்டுவந்து, படையல் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காபி வாங்கப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் பீப்பாயைப் பார்த்தாள். காபி கீழே கொட்டியது.

"உயிரோட இருக்கிற எங்கம்மாவையா அனுப்பிட்டீங்க?"

போதாக்குறைக்கு பெய்ஜென்னின் அம்மாவே அன்றைக்கு வருகிறார். கீலுங் துறைமுகத்தில் மீன் விற்கிறவர். மகளின் படத்தைப் பார்க்க ஒருநாளும் வந்ததில்லை.

"'உன்னைத்தான்மா வரைஞ்சிருக்கேன்'னு சொன்னதும்தான் வரேன்னாங்க, அக்கா. வெள்ளித்தாள்னு சொல்லல. சொல்லியிருந்தா கொன்னுருப்பாங்க."

கொன்றிருப்பார்தான். பெய்ஜென் கைக்குழந்தையாக இருந்தபோது கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வாசலில் அவர் செருப்பு இன்னும் இருக்கிறது. அவருக்காக ஒரு தாள்கூட அந்த வீட்டில் எரித்ததில்லை. யாராவது எடுத்துச் சொன்னால், "வரப்போற மனுஷனுக்கு எதுக்குடா?" என்று அம்மா மீன் கத்தியைத் தூக்கிக்கொண்டு வருவாராம்.

அரங்கு திறந்ததும், அந்த அம்மா நல்ல சட்டை போட்டு, கொய்யாப் பையோடு வந்து நின்றார். வெறும் சுவர். ஓரத்தில், படத்தின் பெயராக 'அம்மா' என்று ஒரு சீட்டு.

"என் மூஞ்சி எங்கடி?"

லியாவ் அம்மா சட்டென்று முந்திக்கொண்டு, விற்றதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டை அந்தச் சீட்டில் ஒட்டினார். "திறந்த உடனே வித்துப்போச்சுங்க! ராசியான முகம்!"

பெய்ஜென் பொட்டைப் பிய்த்து எறிந்தாள். "பொய்மா. எரிஞ்சுபோச்சு. வெள்ளித்தாள்ல வரைஞ்சிருந்தேன். தெரியாம எரிச்சுட்டாங்க."

அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"யாருக்கு எரிச்சீங்க?"

"நல்ல அண்ணன்மாருக்கு," என்றார் லியாவ் அம்மா.

அந்த அம்மா வெறும் சுவரையே பார்த்தார்.

"எந்த வயசுல வரைஞ்சே என்னை?"

"இப்ப இருக்கிற மாதிரிதான்மா. நரை, சுருக்கம், எல்லாம்."

"அடிப்பாவி! அவரு போனப்போ எனக்கு முடி இடுப்பு வரைக்கும் கருகருன்னு கெடந்துச்சேடி! இந்தக் கிழவியைப் பார்த்தா, அந்த அண்ணன்மார் கூட்டத்துல அவருக்கு எப்படிடி அடையாளம் தெரியும்?"

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பை சரிந்து கொய்யாக்கள் அடுத்த கடைவரை உருண்டு போயின. எங்களில் ஒருவரும் குனிந்து எடுக்கவில்லை.