நீலப் புகை

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் எங்கள் பழைய டர்போ டீசல் வேன் கொஞ்ச நாளாக நீலமாகப் புகைவிட்டது. என் வீட்டுக்காரர் அலெக்சாண்டர் ஓட்டுவார். கதவோரம் உட்கார்ந்து பிள்ளைகளை அதட்டுவது நான். பின்னால் வருகிறவர்கள் கன்னடத்தில் செய்த அர்ச்சனையையும் நானே வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஒக்கலிபுரத்தில் இருக்கும் மெக்கானிக் ரவிக்குமாரின் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம்.

"நீலம்னா ஆயில் எரியுது அங்கிள். டர்போ போச்சோ என்னவோ" என்று டர்போவிலிருந்து போகும் காற்றுக்குழாயைக் கழற்றினான் ரவிக்குமார். உள்ளே ஆயில் பிசுபிசுத்தது. நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அவன் விரலை விட்டு டர்போவின் தண்டை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"டர்போ கல்லு மாதிரி இருக்கு. அப்போ ஆயில் எங்கேந்து வருது?" என்று முனகியபடி, இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினான். "அய்யோ! மேல் கோட்டையும் தாண்டி நிக்குது. யாரு இவ்ளோ ஊத்துனது?"

"நான்தான். குறையக் குறைய ஊத்துறேன்" என்றார் அலெக்சாண்டர். "இன்னைக்குக் காலையிலயும் குறைச்சல். இங்க வந்து ஊத்தலாம்னு கேன் கூட எடுத்துட்டு வந்தேன்."

"குறைச்சலா? கனவுல பார்த்தீங்களா அங்கிள்?" ரவிக்குமார் சிரித்தான். "ஆயில் அதிகமானா நுரைச்சுக்கிட்டு காத்து போற வழியில ஏறி எரியும். புகை அதுதான். அதிகப்படியை வடிச்சுட்டா சரியாயிடும்."

செலவில்லாமல் முடிந்ததே என்று நான் மூச்சுவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த மூச்சு நின்றுவிட்டது.

"காலையில உனக்குக் காட்டினேனே டோரத்தி. நீயும் பார்த்தியே?"

காட்டினார்தான். என் மூக்குக்கண்ணாடி அடுப்படியில் இருந்தது. சாப்பாட்டு டப்பா கட்டும் அவசரத்தில் சும்மா தலையாட்டி வைத்தேன். இப்போது என்ன சொல்ல? "காட்டினீங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய அண்ணன் கில்பர்ட்டுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, இன்னும் சோறே போடவில்லை என்று சத்தியம் பண்ணுவார். இன்றைக்குச் சொந்த வீட்டையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அந்த நினைப்பில்தான் நின்றோம்.

அலெக்சாண்டர் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "திங்கக்கிழமைக்கு வேற டிரைவர் பாரு. இத்துனூண்டு குச்சியில இல்லாததைப் பார்க்கிறவன் ரோட்ல என்னத்தைப் பார்ப்பான்? பிள்ளைங்க இருக்கு வண்டியில."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதைச் சொல்லவா நேரம்?

ரவிக்குமார் இதையெல்லாம் கவனிக்கவில்லை. ஆயில் வடியும் ஓட்டை பின்பக்கம் இருப்பதால், முன்பக்கத்துக்கு ஜாக்கி கொடுத்து நன்றாகத் தூக்கி வைத்தான். வடியும் ஆயிலைப் பிடிக்கத் தட்டு எடுத்துவர உள்ளே போனான்.

அலெக்சாண்டருக்கு மனசு கேட்கவில்லை. மறுபடி குச்சியை உருவினார், துடைத்தார், விட்டு எடுத்தார்.

"டோரத்தி... இப்போ குறைச்சலா தெரியுது."

எனக்கு உயிரே போய்விட்டது. இப்போதுதானே நிரம்பி வழிந்தது? ஒரு சொட்டுக்கூட வடிக்கவில்லையே! பையைக் கிளறிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கீழ் கோட்டை ஒட்டித்தான் ஆயில் நின்றது. என் கண்ணையும் நான் நம்பவில்லை.

"ரவி, ஓடி வாப்பா!"

அவன் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. குச்சியை மறுபடி விட்டு எடுத்தான். பிறகு குனிந்து ஜாக்கியைப் பார்த்தான், தூக்கி நிற்கும் வேனைப் பார்த்தான்.

"ஆன்ட்டி, வீட்ல வண்டியை எங்க நிறுத்துறீங்க?"

"போன மாசம்தான் வீடு மாத்தினோம். ஏத்தமான சந்து. மேல பார்த்துதான் நிக்கும்."

"அதான்! ஆயிலெல்லாம் பின்னாடி ஓடிடுது. முன்னாடி இருக்கிற குச்சிக்கு எட்டலை. சமதளத்துல நிறுத்திப் பார்க்கணும்னு உங்களுக்குத் தெரியாதா அங்கிள்?"

அவருக்குத் தெரியும். பழைய வீட்டு முற்றம் சமதளம்; அங்கே அதை நினைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. எழுந்ததும் வண்டி நின்ற இடத்திலேயே குச்சி பார்க்கும் பழக்கம், வீடு மாறியும் மாறவில்லை.

நான் சத்தம்போட்டு அழுதுவிட்டேன். ஷெட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அதிகப்படி ஆயில் வடிந்தது. வேனைக் கிளப்பியதும் காற்றுக்குழாயில் மிச்சம் இருந்த ஆயில் எரிந்து கொஞ்ச நேரம் புகைந்தது, அப்புறம் மெலிந்தது. ரவிக்குமார் கூப்பிட்டுக் காட்டினான். அலெக்சாண்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ காலையில நான் பார்த்தது சரிதான்."

"சரிதாங்க."

"குறைச்சலாத்தான் இருந்துச்சு."

"குறைச்சலாத்தான் இருந்துச்சு."

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலுக்குச் சிக்னல் அதையே கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன்.