கெசியாவின் கையெழுத்து

காலை ஐந்தரைக்கு ஜெரால்டின் கண்ணாடி அறையின் கதவைத் திறந்தாள். முந்தின நாள் அடைபட்டுக் கிடந்த புகை முகத்தில் வந்து மோதியது. மேஜைகளின் மேல் பதினாறு சாம்பல் கிண்ணங்கள். மிச்சக் காபியில் ஊறிப் பருத்த சிகரெட் துண்டுகளை அள்ளி வாளியில் போட்டாள். கண்ணாடியைத் துடைத்த வெள்ளைத் துணி முதல் இழுப்பிலேயே பழுப்பானது. புகையை இழுக்கும் விசிறியைக் கடை மூடியதும் நிறுத்திவிட வேண்டும் என்பது முதலாளி மகாதேவனின் உத்தரவு. மின்சாரம் மிச்சமாம். அவருக்கு மின்சாரம் மிச்சம், இவளுக்குப் புகை மிச்சம். நாலு மேஜை துடைப்பதற்குள் இரண்டு முறை வெளியே ஓடிவந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

விமான் நகரில் அந்தக் காபி ஹாலுக்குப் பேரே இந்த அறையால்தான். பத்து மணிக்கு மேல் பக்கத்துக் கம்பெனிகளில் இருந்து சிகரெட் பிடிக்கக் கூட்டம் கூட்டமாக வருவார்கள். காபி கொண்டுபோய்க் கொடுப்பது, கிண்ணத்தைக் காலி செய்வது, மேஜை துடைப்பது எல்லாம் சேர்ந்து ‘கண்ணாடி டியூட்டி’. இரண்டு மணி வரை அந்தப் புகைக்குள் போய்ப் போய் வர வேண்டும். ஜெரால்டின், வனஜா, கெசியா மூவரும் ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்துச் செய்ய வேண்டும், தினமும் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நடந்தது வேறு.

கெசியா இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. இரண்டாவது மாதத்திலேயே அந்தப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்து கேட்கவும் பயம். போன வருஷம் இவர்களோடு வேலை பார்த்த சரசா உண்டாகியிருந்தபோது அந்த அறை வேண்டாம் என்று கேட்டாள். “நீ ரெஸ்ட் எடும்மா” என்று அன்பொழுகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார் மகாதேவன். இன்றுவரை திரும்பக் கூப்பிடவில்லை. கெசியாவின் கணவன் டெக்ஸ்டருக்கோ பிம்ப்ரி தொழிற்சாலை ஒன்றில் ஆள்குறைப்பில் வேலை போயிருந்தது. “நீ பேசாம இரு. உன் வாரம் நான் போறேன், கையெழுத்தும் நானே போட்டுடறேன்” என்றாள் ஜெரால்டின். நாலு மாதமாக மூன்றில் இரண்டு வாரம் அவள்தான் உள்ளே போனாள். கெசியாவின் கையெழுத்து, கெசியாவைவிட அவளுக்கு நன்றாக வந்தது.

இந்தக் காலைக்கு முந்தின நாள்தான் கட்கி ஆஸ்பத்திரியில் டாக்டர் தேஜஸ்வினி ஜெரால்டினின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “எத்தனை வருஷமாக சிகரெட் பிடிக்கிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். ஜெரால்டினுக்குக் கோபம் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் டாக்டரின் முகம் மாறியது. பிடிக்கிறவர்கள் ஊதுகிற புகையும் எரிகிற நுனியில் இருந்து வருகிற புகையும் பக்கத்தில் நிற்பவருக்குள்ளும்தான் போகும், நுரையீரலோடு இதயத்தையும் கெடுக்கும், வயிற்றுப் பிள்ளையையும் விடாது என்றார். இனி அந்த அறைக்குள் போகக் கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்படியும் காலையில் போனாள். முதலாளி ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

“இனி அந்த ரூம் என்னால முடியாது சார்” என்று அவர் வந்ததும் சீட்டை நீட்டினாள். “கிச்சன்ல போடுங்க. மாடிப்படி கழுவச் சொன்னாலும் கழுவறேன்.”

மகாதேவன் சீட்டைப் படித்தார். பிறகு டியூட்டி புத்தகத்தைப் புரட்டினார்.

“மூணு வாரத்துல ஒரு வாரம் போறீங்க. அதுக்கே இத்தனை பாடா? இங்க பாருங்க, கெசியா. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஒரு முறை தவறாம போயிருக்கு. அது என்னைக்காவது இருமிச்சா?”

ஜெரால்டின் புத்தகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கெசியாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் தனக்கு. நல்லது செய்யப் போய், தனக்கு எதிரான சாட்சியைத் தானே தினமும் எழுதி வைத்திருந்தாள்.

“உங்க வீட்டு அடுப்புப் புகையா இருக்கும்” என்றார் அவர்.

“எங்க வீட்டுல கேஸ் சார்.”

“எதுவோ ஒண்ணு. பத்து மணிக்கு உள்ள போக முடிஞ்சா போங்க. இல்லேன்னா ரெஸ்ட் எடுங்க.”

அந்த ரெஸ்ட் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், கழுவிய தம்ளரையே மறுபடி கழுவினாள். வனஜாவும் காபி மாஸ்டர் இஸ்மாயிலும் அங்கே இருந்தார்கள். கெசியா கதவோரம் நின்று முதலாளி சொன்ன எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“நான் போய்ச் சொல்லிடறேன் அக்கா. சச், உண்மையைச் சொல்லிடறேன்.”

“பைத்தியமா உனக்கு? டெக்ஸ்டர் சும்மா உக்காந்திருக்கான்.”

“நீங்க இருமறப்போ எல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பி நிப்பேன். பஸ், போதும், இனி முடியாது.”

வனஜா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். “ரெண்டு பேரையும் அனுப்பிட்டா மூணு வாரமும் என் தலையிலதான் விழும். அடுத்த வருஷம் நான் இப்படி ஒரு சீட்டோட நிப்பேன். அதுக்கு இன்னைக்கே நின்னுடலாம்.”

இஸ்மாயில் அடுப்பை அணைத்தார். “சிகரெட் ரூமுக்குள்ள எதையும் பரிமாறவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. தெரிஞ்சும் நான்தான் காபி போட்டு அனுப்பிட்டு இருந்தேன். வாங்க, சேர்ந்தே போவோம்.”

ஹாலில் கூட்டம் தொடங்கிவிட்டது. கண்ணாடிக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மகாதேவன் நிமிர்ந்து பார்த்தார். நால்வர் வரிசையாக நின்றார்கள்.

“அந்தக் கையெழுத்து என்னுது இல்ல சார்” என்றாள் கெசியா. “நாலு மாசமா நான் உள்ள போகவே இல்ல. என் வாரமும் அக்காதான் போனாங்க.”

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கீங்க. ரெண்டு பேரும் இப்பவே கிளம்புங்க.”

“புத்தகத்தை எடுத்துக் கொடுத்தது நான் சார்” என்றாள் வனஜா. “என்னையும் அனுப்புங்க.”

“எனக்கும் தெரியும்” என்றார் இஸ்மாயில். “அனுப்பினீங்கன்னா இங்கிருந்து நேரா லேபர் ஆபீஸுக்குத்தான் போவோம். சிகரெட் ரூமுக்குள்ள காபி கொடுக்கறதையும் எழுதிக் கொடுப்போம்.”

“மிரட்டறீங்களா? நான் சிகரெட்டைக் கையால தொட்டதில்லை. எனக்கே பாடமா?”

“நானும் தொட்டதில்ல சார்” என்றாள் ஜெரால்டின். “உள்ள இனி காபி போகாது. எல்லாரும் வெளிய போனப்புறம், விசிறியைப் போட்டு, புகை அடங்கினதும் கூட்டித் தர்றோம். கெசியா அதுக்கும் வர மாட்டா. சரசாவைத் திரும்பக் கூப்பிடணும்.”

உள்ளே இருந்து யாரோ மோதிரத்தால் கண்ணாடியைத் தட்டினார்கள். காபி எங்கே என்று ஒருவன் கையை விரித்துக் கேட்டான். மகாதேவன் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யார் போறீங்க?”

ஒருவரும் அசையவில்லை. மறுபடி தட்டினார்கள், இந்த முறை பலமாக. மகாதேவன் வேகமாகப் போய், ஃபிளாஸ்கில் இருந்த காபியைக் கோப்பைகளில் ஊற்றி, தட்டைத் தானே தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். புகை திரண்டு வந்து அவர் மூக்குக் கண்ணாடியை மூடியது. வாசற்படியிலேயே நின்றார். ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார். உள்ளே வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

ஜெரால்டினுக்கு இருமல் பொங்கியது. கெசியா இந்த முறை திரும்பிக்கொள்ளவில்லை, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“கதவை மூடுங்க சார்” என்றாள் ஜெரால்டின், மூச்சு வந்ததும். “இங்க புள்ளத்தாச்சி நிக்கிறா.”

உள்ளே போய் மூடுவதா, வெளியே நின்று மூடுவதா என்று மகாதேவனுக்குத் தெரியவில்லை. நால்வரும் அவரைப் பார்த்தபடி நின்றார்கள்.