ஒண்ணுமில்ல, ஏரிதான்

1

இந்தக் கதை எனக்கு அருவிக்குப் போகும் வழியில் கிடைத்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாரையும்போல நானும் அருவிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். வேன் ஒரு வளைவில் திரும்பியபோது மரங்களுக்கு நடுவே பெரிதாகத் தண்ணீர் தெரிந்தது. அது என்ன என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார், ஏரிதான்" என்றார். கொஞ்ச தூரம் போனபின், நான் கேட்காமலே சொன்னார்: "அந்தக் கரையில எங்க அக்கா லாட்ஜ் வச்சிருக்காங்க."

அவ்வளவுதான் நடந்தது. மீதியெல்லாம் என் சொந்தச் சரக்கு.

2

முதல் தொடக்கம்: "மலையுச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று கொட்டிக்கொண்டிருந்தது அருவி. அதன் அடியில் நின்ற—"

அடித்துவிட்டேன். ஏரியைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே அருவிக்கு ஓடினால் எப்படி?

இரண்டாவது: "அருவியிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்—"

இதுவும் தேறாது. ஆனால் அந்த ஊர்க்காரர்களே இப்படித்தான். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சொந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "அருவிக்குப் பக்கத்துல" என்பார்கள். (இந்த வழக்கத்தை நானே கட்டிவிட்டேன். நீங்களும் நம்பிவிட்டீர்கள், இல்லையா?)

மூன்றாவது: அக்கா காலையில் எழுந்ததும் அறை அறையாகப் போய்க் குழாய்களைத் திறந்துவிடுகிறாள். ஆள் தங்காத அறையில் முதலில் துருநிறத்தில்தான் தண்ணீர் வரும். அது தெளியும்வரை நின்று பார்த்துவிட்டு மூடுகிறாள். பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்தைகளைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கிறாள். கணவர் இறந்தபின் இந்த லாட்ஜ்தான் அவளுக்கு எல்லாம். இந்த சீசனும் இப்படியே போனால் இழுத்து மூடிவிட்டு, அருவி ஊர்ப் பெரிய ஹோட்டலில் படுக்கை விரிக்கும் வேலைக்குப் போகவேண்டியதுதான்.

சரி, இங்கேயே இருப்போம்.

3

ஏரிக்கரையில் ஏன் யாரும் வண்டியைவிட்டு இறங்குவதில்லை? ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். பாதி நேரம், படத்தில் பார்த்தது பத்திரமாக அங்கேயே இருக்கிறதா என்று சரிபார்க்கத்தான் போகிறோம். கிடைப்பது நாலு நாள் லீவு. குழந்தைகள், பெட்டிகள், முன்பே பிடித்துவைத்த அறை. அதையெல்லாம் யாரும் கேள்விப்படாத ஏரியில் கொண்டுபோய்க் கொட்ட மனசு வருமா? அருவி சுமாராக இருந்தாலும் பார்த்தாச்சு என்று பெருமூச்சு விடலாம். ஏரி நன்றாகவே இருந்தாலும் திரும்பிவந்து யாரிடம் சொல்வது? "எந்த ஏரி?" என்பார்கள். இவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

(பொய். கொஞ்சம் இருக்கிறது. என்மேலும் சேர்த்து.)

4

டிரைவர் நிஜத்தில் "அவர்". கதைக்குள் அக்காவுக்குத் தம்பி, ஆகவே "அவன்". முதலில் அவனைக் கல்நெஞ்சக்காரனாக எழுதியிருந்தேன்: தினமும் அக்கா வாசலைத் தாண்டி, நிறுத்தாமல் போகிறவன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. வண்டி நிறைய அவசரக்காரர்களை வைத்துக்கொண்டு அவன்தான் என்ன செய்வான்? ஆகவே ஒருநாள் நிறுத்தவைத்தேன்.

எல்லாரும் முனகிக்கொண்டே இறங்கினார்கள். அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்து நின்றாள். தம்பிக்குப் பதற்றமாகிவிட்டது. எப்படியாவது அவர்களுக்குப் பிடிக்கவைத்துவிட வேண்டுமே!

"பாருங்க சார், அருவிக்குத் தண்ணியே இங்கருந்துதான் போகுது. அருவிக்கே இதுதான் தாய்."

முகங்கள் மலர்ந்தன. "அப்ப இங்கருந்து அருவி தெரியுமா?" என்று ஒரு பெண் ஆசையாகக் கேட்டாள். தெரியாது என்றதும் மளமளவென்று வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தவனை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, ஏரியை ஏரின்னு சொல்ல உனக்கு வாய் வரலையா?"

"வெறும் ஏரின்னு சொன்னா யாருக்கா இறங்குவாங்க?"

"அதான் இறங்கிட்டாங்களேடா! கண்ணு முன்னாடி கிடந்துதே. நீ சும்மா இருந்திருந்தா பார்த்திருப்பாங்க."

"நல்லதுன்னு நினைச்சுதான்க்கா..."

"தெரியும்டா. அதனாலதான் வயிறு எரியுது. உனக்கே அது வெறும் ஏரியா போச்சே."*

* ஏரியை நீ ஏன் வர்ணிக்கவே இல்லை என்று கேட்பீர்கள். வர்ணித்துப் பார்த்தேன். "கடல் மாதிரி" என்று வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினால் "கண்ணாடி மாதிரி". தம்பி செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று புரிந்ததும் பேனாவை வைத்துவிட்டேன்.

5

முடிவுகள்.

மழையில் அருவிக்குப் போகும் ரோடு அடைபடுகிறது. வேறு வழியில்லாமல் லாட்ஜில் தங்கியவர்கள் ஏரியைப் பார்த்துச் சொக்கிப்போகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போதும் அருவி போட்ட பிச்சைதான்.

ஏரி திடீரென்று பிரபலமாகிறது. கரை முழுக்கக் கடைகள். அகலமான ரோடு வேண்டுமென்று அக்காவின் லாட்ஜை இடிக்க வந்து—

இதை எழுதக் கை வரவில்லை.

ஆக, இதுவரை எழுத முடிந்தது இவ்வளவுதான். அக்கா லாட்ஜைப் பூட்டிவிட்டாள். தம்பியின் வேன் வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே அருவிக்குப் போகிறவர்கள். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஹோட்டலில் நாளைமுதல் வேலை. தம்பி திரும்பி, வண்டிக்குள் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்கிறான்: "இது எங்க ஊரு ஏரிங்க. இறங்கிப் பார்க்கறீங்களா?"

வேறொன்றும் சேர்க்கவில்லை. யாரும் அசையவில்லை.

"எடுடா, அவங்களுக்கு நேரமாகுது" என்கிறாள் அக்கா. ஆனால் துணிப்பையைக் காலடியில் இறக்காமல் கையிலேயே பிடித்திருக்கிறாள்.

கடைசி சீட்டில், கதவோரமாக, நீங்கள். அருவி ஊரில் உங்களுக்கு அறை காத்திருக்கிறது, தெரியும். ஒருவர் இறங்குவதால் லாட்ஜ் பிழைத்துவிடும் என்று நான் சத்தியம் செய்யவும் மாட்டேன்.

தம்பி கண்ணாடியில் உங்களைப் பார்க்கிறான். கதவை இன்னும் சாத்தவில்லை.