சுண்டுவிரலின் வேலை

மீன் குழம்பு சோற்றை ஸ்பூனால் சாப்பிடுகிற ஒருத்தியை ஞானையா தன் எழுபது வயதில் இப்போதுதான் பார்க்கிறார். அதுவும் யார், பெற்ற மகள்! வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய நாலு நாளாக இட்லிக்கும் ஸ்பூன், உப்புமாவுக்கும் ஸ்பூன் என்றபோது போனால் போகிறது என்று விட்டுவிட்டார். ஆனால் இது காலையிலேயே பஸ் பிடித்துக் கோவளம் போய், பேரம் பேசி அவர் வாங்கி வந்த வஞ்சிரம். கெசியாவோ இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு நடுமுள்ளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்படியே போனா அடுத்த தடவை என்னை மிஸ்டர் ஞானையான்னு கூப்பிடுவ போல.”

“புள்ளைய நிம்மதியா சாப்பிட விடுங்களேன்” என்றாள் மனைவி சௌந்தரி.

அவர் கோபமெல்லாம் சும்மா மேலுக்குத்தான். கிழக்குத் தாம்பரத்தில் மகளின் பெருமையை அவர் வாயால் கேட்காத ஆள் உண்டா? ரேஷன் கடை வரிசையில் நின்றால் வியன்னா, ஏடிஎம் வாசலில் நின்றால் லண்டன். எந்த ஊர் அரங்கில் எத்தனை நிமிஷம் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்பதுவரை மனிதருக்கு மனப்பாடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கெசியா பியானோ வாசிப்பாள் என்று அவளைக் கேட்காமலே வாக்கும் கொடுத்துவிட்டார். அவளும் சரி என்றுதான் சொன்னாள். ஆனால் வந்த நாளிலிருந்து ஹாலில் இருந்த பழைய பியானோவின் மூடியைக்கூட அவள் திறக்கவில்லை.

“கையால சாப்பிடு பாப்பா. அப்பாவுக்காக ஒரு வாய்.”

கெசியா ஸ்பூனை வைத்துவிட்டு வலது கையால் சோற்றைப் பிசைந்தாள். அள்ளும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் தாமாக உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. மிச்ச மூன்று விரல்களில் நிற்காமல் சோறு தட்டிலேயே கொட்டியது. மறுபடி அள்ளினாள், மறுபடியும் கொட்டியது. ஞானையா தன் தட்டைத் தள்ளி வைத்தார்.

“எத்தன நாளாம்மா இப்படி?”

“பதினோரு மாசமாச்சுப்பா. மொதல்ல வாசிக்கறப்ப மட்டும்தான் மடங்குச்சு, இப்ப சாப்பிடறப்பவும். விரல்ல கோளாறு ஒண்ணும் இல்லையாம். மூளைலேர்ந்து வர்ற உத்தரவுதான் தப்பாப் போகுதாம். சரியாகலாம், ஆகாமலும் போலாம்னு டாக்டர் சொல்றார்.” அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எட்டு மாசமா நான் மேடையே ஏறலப்பா. போன்ல நீங்க அவ்ளோ ஆசையா கேப்பீங்க. ஒவ்வொரு தடவையும் பொய் சொன்னேன்.”

சௌந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஞானையாவுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லக்கூட இடம் வைக்காமல் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேனே, நானெல்லாம் ஒரு அப்பனா! கையைக் கழுவிவிட்டு வந்து சர்ச் செயலாளர் ஆஸ்டினுக்குப் போன் போட்டார்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை கெசியா வாசிக்க மாட்டா. இல்லப்பா, அவ மேல தப்பே இல்ல. அவளக் கேக்காம வாயை விட்டது நான். நோட்டீஸ் அடிச்சாச்சா? சரி, நானே வாசல்ல நின்னு வர்றவங்ககிட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கெசியா பியானோவைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். சர்ச் கொயரில் அவர் நாற்பது வருஷம் பாடிய ஒரு ஞானப்பாட்டை ஆரம்பித்தாள். இடது கை தண்ணீராக ஓடியது. வலது கையிலும் நடுச் சுரங்கள் விழுந்தன. மெட்டை மட்டும் காணோம். மெட்டு வலது ஓரத்துக் கட்டைகளில் இருக்கிறது, அது சுண்டுவிரலின் வேலை. நாலு அடி வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

“இப்ப நான் இவ்ளோதாம்பா.”

ஞானையா ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். “மேல இருக்கற மெட்ட நான் அமுக்கறேன். மொதக் கட்டை எதுன்னு மட்டும் காட்டு.”

அவருக்குப் பாடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கட்டையாகத் தடவித் தேடி அமுக்கினார். ஒன்று சரியாக விழுந்தது, அடுத்தது தப்பு. நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி தேடினார். தாளம் இம்மியும் பிசகாதவள் என்று உலகமெல்லாம் பேர் வாங்கிய கெசியா, கைகளை எடுக்காமல், அப்பாவின் விரல் அடுத்த சுரத்தைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாள்.