குரல் கேட்டால் எழுந்துவிடும்

கலாதேவி துண்டைக் கோப்பியின் வயிற்றுக்கடியில் நுழைத்து, இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினாள். முன்கால்கள் எழுந்தன. பின்கால்கள் சிமெண்டுத் தரையில் வழுக்கி விரிந்தன. நாய் மறுபடியும் தன் ஈரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது.

"அங்க என்ன பார்வை? எழுந்திரிடா சனியனே!"

சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கோப்பி அந்தப் புந்தோங் வீட்டுக்கு வந்தபோது மகன் தீபன் பள்ளிப் பையன். கால்வாய் ஓரத்தில் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தான். இப்போது அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. நாய்க்குச் சிறுநீரகம் போய்விட்டது. கோழி ஈரலுக்குள் மாத்திரையை ஒளித்துவைத்தால் ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பிக்கொண்டிருந்த நாய், இந்த வாரம் ஈரலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கடைசி ஊசி எப்போது என்பதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும் என்று கிளினிக்கில் இருந்த சீன டாக்டர் மலாயில் சொல்லிவிட்டாள். ஊசி போடத் தெரிந்தவளுக்கு நாள் சொல்லத் தெரியவில்லை. கணவன் சீனியைக் கேட்டால், "தீபன் வந்து ஒரு வார்த்த சொல்லட்டும்லா" என்று லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பக்கத்து வீட்டு மங்களம், "உயிர எடுக்கிறது பாவம் கலா" என்பாள். நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திக்கொள்பவளும் அவள்தான்.

எல்லாரையும்விடக் கலாதேவிக்கு எரிச்சலை மூட்டியவன் தீபன். வீடியோவில் அவன் "கோப்பி!" என்றால் போதும், செத்ததுபோல் கிடந்த நாய் தலையைத் தூக்கும். காது நிமிரும். வால் தரையைத் தட்டும். ஒருமுறை எழுந்துகூட நின்றது.

"பாருங்கம்மா, நல்லாதானே இருக்கு! சும்மா பயப்படுறீங்க. நான் லீவு போட்டு வாரேன். அதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சிடாதீங்க."

அவன் போனை வைத்ததும் நாய் சரிந்து, மூச்சிரைத்து, வாந்தி எடுக்கும். துடைப்பது அவள். லீவோ அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

துண்டை உதறிப் போட்டபோது கூடத்தில் போன் அடித்தது. அவன்தான். கலாதேவி ஈரக் கையோடு போய் எடுத்தாள்.

"தீபன், வாயத் தொறக்காத. பாத்துக்கிட்டே இரு."

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, சமையலறை வாசலில் நின்று போனை நாயின் பக்கம் திருப்பினாள்.

கோப்பிக்குத் தாகம். தண்ணீர்க் கிண்ணம் கிட்டத்தில்தான் இருந்தது. கழுத்தை நீட்டியது. முன்கால்களால் உடம்பை இழுத்தது. தாடை தரையில் மோதியது. நீண்ட நாக்கு கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியது. ஒருதரம் முனகிப் பார்த்தது. யாரும் வரவில்லை என்றதும் முனகலை நிறுத்திவிட்டு மறுபடியும் இழுத்தது. கிண்ணத்தைக் காலால் தள்ளிவிட்டால் போதும். கலாதேவியின் கால் ஒருமுறை முன்னால் போயிற்று. பின்னால் இழுத்துக்கொண்டாள்.

போனைத் திருப்பினாள். திரையில் அவன் முகம் இல்லை. கூரை விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, கூடத்துக்கு வந்தாள்.

"ம்மா... தண்ணியக் குடுங்கம்மா."

"தினமும் இதான்டா நடக்குது. நீ கூப்பிட்டா மட்டும்தான் அது நல்லாருக்கு."



"சரிம்மா."

"என்ன சரி? வாயால சொல்லு. அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"ஊசி... போட்டுருங்க." மூக்கை உறிஞ்சினான். "அதுகிட்ட ஒரு நிமிசம் பேசட்டுமா?"

"இப்ப வேணாம். எழுந்துடும்."

போனை மேசைமேல் கவிழ்த்துவிட்டு ஓடிப்போய்க் கிண்ணத்தை அதன் வாயருகே பிடித்தாள். பாதித் தண்ணீர் அவள் மடியில் கொட்டியது.

மறுநாள் சீனி தன் பழைய கைலியில் கோப்பியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குள் போனான். டாக்டர் முன்காலில் ரோமத்தை வழித்து ஊசிக்குள் மருந்தை ஏற்றித் தயாராக நின்றாள். கலாதேவி போனை நாயின் காதருகே வைத்தாள்.

"இப்ப கூப்பிடு."

"கோப்பி... டேய் கோப்பி, அண்ணன்டா..."

வால் எஃகு மேசையில் அடித்தது. டக், டக். கண் திறந்து யாரையோ தேடியது. முன்கால்களை ஊன்றப் பார்த்தது. டாக்டரின் கை நின்றது. அவள் கலாதேவியைப் பார்த்தாள்.

"கலா," என்றான் சீனி. "வீட்டுக்குப் போயிடலாமா? இன்னொரு நாள்..."

இத்தனை நாளும் லாரியில் ஏறிப் போனவன் இப்போதுதான் வாயைத் திறக்கிறான். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நாயின் தலையை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.

"போடுங்க டாக்டர்."

வால் இன்னும் ஒருமுறை அடித்தது. பிறகு அடிக்கவில்லை. தீபன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் கைலி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. புந்தோங் சாலையின் ஒவ்வொரு வேகத்தடையிலும் சீனி வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, முன்சக்கரத்தை மெல்ல ஏற்றி, பின்சக்கரத்தை மெல்ல இறக்கினான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹார்ன் அடித்தான். சீனி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டே, அடுத்த தடைக்கும் பிரேக்கில் காலை வைத்தான். கலாதேவி ஒரு கையால் மூட்டையை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.