முழங்காலால் இடிக்க வேண்டிய கதவு

அரசாங்கம் ஏழைகளுக்கென்று மலிவு விலையில் கட்டி விற்ற எங்கள் குடியிருப்பில் ஏழைகளும் இருக்கிறார்கள், வாடகைக்கு. என் பக்கத்து வீட்டை வாங்கியவர் மருந்துக்கடைக்காரர். இரண்டு மாடி வீட்டில் கால் நீட்டிப் படுக்கிற மனுஷன், ஒண்ட இடமில்லை என்று கையெழுத்துப் போட்டு வாங்கினார். வாங்கியவரே குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைப் பிடுங்கி, உள்ளே இருப்பவருக்கே குறைந்த வாடகைக்குக் கொடுப்பார்கள். இதுதான் விதி. அவரோ ஒரு தையல்காரியை வாடகைக்குக் குடிவைத்தார்.

சில மாதங்களுக்கு முன் அவளைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அதிக வாடகைக்கு ஆள் கிடைத்துவிட்டதாம். "பொண்ணு பரீட்சை முடியட்டும் சார், இப்ப எங்க போவேன்?" என்று அவள் அழுதாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. எங்கள் சுவர்கள் அவ்வளவு மெல்லிசு.

அந்த நேரம் பார்த்து, வீட்டுவசதி அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல். மருந்துக்கடைக்காரர் குடும்பப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து சுவரில் மாட்டினார்.

"நீ என் தங்கச்சி. சும்மா பாத்துட்டுப் போக வந்திருக்க. வாயத் தொறந்த, இன்னிக்கே சாமான் தெருவுல கெடக்கும்."

நான் சர்க்கரை கேட்கிற சாக்கில் கிண்ணத்தோடு போய் நின்றுகொண்டேன்.

அதிகாரி வந்தார். கூடம், சமையலறை எல்லாம் பார்த்துவிட்டுப் பால்கனிக்குப் போனார். மருந்துக்கடைக்காரருக்குப் பயத்தில் வயிறு கலக்கிவிட்டது. கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

எங்கள் கழிவறைக் கதவுகள் மாட்டிய அன்றே கோணிக்கொண்டவை. உள்ளே போனவர் தாழ்ப்பாளைத் தூக்கிப் பிடித்து முழங்காலால் ஓர் இடி இடித்தால்தான் வெளியே வரலாம். இங்கே குடியிருக்கிற குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

கதவு தடதடவென்று ஆடியது. "ஏய், இது தொறக்க மாட்டேங்குது!"

தையல்காரி கதவருகில் போனாள். "உங்க வீட்டுக் கதவுதானே அண்ணே? தினமும் தொறக்கிற மாதிரி தொறங்க."

"அண்ணனாவது நொண்ணனாவது! எப்படின்னு சொல்லித் தொலை!"

நான் மெதுவாகப் பால்கனிக்குப் போய், "சார், இங்க கொஞ்சம் வாங்களேன்" என்றேன்.

உள்ளே குரல் இறங்கியிருந்தது. "சரிம்மா, நீ காலி பண்ண வேணாம். வாடகையும் ஏத்தல. அந்த ஆள் போறதுக்குள்ள தொறந்து விடு."

"அந்த ஆள் இங்கதான் நிக்கறேன்" என்றார் அதிகாரி.

வீட்டைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது அது அவளுக்கே அரசாங்க வாடகையில். பெண்ணும் அங்கிருந்தே பரீட்சை எழுதினாள். மருந்துக்கடைக்காரர் என் தலையைக் கண்டாலே, தலைவலி மாத்திரைகூடத் தீர்ந்துவிட்டது என்கிறார்.

தையல்காரியாவது நன்றி காட்டுவாள் என்று பார்த்தேன். அன்று நான் கேட்ட சர்க்கரையையே இன்னும் தரவில்லை.