இரண்டு ஜோடியும் ஓர் உதிரியும்

"பேனாவைக் கீழ வைங்க! வகுத்தீங்க, நடக்கிறதே வேற!"

"இரண்டால வகுக்காம கணக்கு எப்படிடி நேராகும்? அச்சகத்துக்காரர் வாசல்லயே நிக்கிறாரு!"

"நிக்கட்டும். எந்தப் பொண்ணு இல்லாமப் போவான்னு சொல்லிட்டு வகுங்க."

கணக்கு வாத்தியாருக்கும் மனைவிக்கும் இந்தச் சண்டை நடந்தபோது, வீட்டிலிருந்த ஐந்து பேர் பத்துப் பேராகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. காரணம் வாத்தியார்தான். போக்கர் ஆட்டத்தில் ஐந்து சீட்டுக் கை எத்தனை விதமாக வரும் என்று புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட ஆடியதில்லை, அது வேறு விஷயம். இரண்டு ஜோடியும் ஓர் உதிரியும் உள்ள கைகளை எண்ணும்போது, ராணி ஜோடியும் ஐந்து ஜோடியும் என்று ஒரு தரம், ஐந்து ஜோடியும் ராணி ஜோடியும் என்று இன்னொரு தரம், ஒரே கையை இரண்டாக எண்ணிவிட்டார். இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து நூற்று நான்கு என்று எழுதி, மையால் அடிக்கோடும் போட்டார்.

அந்த வீடும் அப்படியொரு கைதான். கீழே வாத்தியார் ஜோடி, மாடியில் குடியிருந்த தையல்காரர் ஜோடி, உதிரியாக வாத்தியாரின் மகள். மறுநாள் விடிந்தபோது, கீழே தையல்காரர் ஜோடியும் மாடியில் வாத்தியார் ஜோடியுமாக இன்னொரு தரம் இருந்தார்கள். மகளும் இரண்டு. பால்காரர் இரட்டிப்பாக ஊற்றிவிட்டுப் போனார். குழாயடியில் வரிசை நீண்டுவிட்டதென்று மட்டும் தெருவில் முணுமுணுத்தார்கள்.

மாடியிலிருந்த தன்னைப் பார்த்து வாத்தியார் மனைவிக்குப் பயமில்லை. மாடிக்காரி உப்பைக் கொஞ்சம் கூடப் போடுவாள், அவ்வளவுதான். பயமெல்லாம் பேனாவிடம். முதல் தடவை அவர் வகுத்தல் குறியைப் போட்ட கணத்தில், படியில் நின்ற இரண்டு மகள்களும் நனைந்த காகிதம்போல வெளுத்து, முதுகுக்குப் பின்னாலிருந்த கைப்பிடிக் கம்பி தெரிந்தது. இவள் போட்ட அலறலில் அவர் குறியை அடித்தார், நிறம் திரும்பியது. இரண்டு மகள்களின் முட்டியிலும் அதே தழும்பு. இரண்டுமே "அம்மா, பசிக்குது" என்றுதான் வந்து நின்றன. மாடி வாத்தியாரிடமும் ஒரு பேனா இருந்ததால், கீழே இவளும் மேலே அவளுமாகக் காவல் காத்தார்கள்.

இப்போது அச்சகத்துக்காரர் மறுபடி கதவைத் தட்டவும், இவள் பேனாவைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க, அஞ்சு சீட்டுல ஒண்ணு போயிட்டா?"

"அது கையே இல்ல. கணக்குல வராது."

அது போதும் இவளுக்கு; மகள் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டால் இங்கே மிச்சம் நாலு சீட்டுதான். வாத்தியாருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி ஒரு மாதம் தவணை வாங்கினாள். இரண்டு அம்மாக்களும் இரண்டு பக்கமாக வரன் தேடி ஓடினார்கள். ஒரே காலையில் இரண்டு கல்யாணமும் முடிந்து, மகள்கள் வாசல்படி தாண்டிய பிறகுதான் வாத்தியார் வகுத்தார். இவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபோது எண் பாதியாகியிருந்தது. எட்டுப் பேரும் இருந்தார்கள். ஓடிப் போய் தெருவைப் பார்த்தாள்; இரண்டு வண்டியிலிருந்தும் கை அசைந்தது.

ஒருத்தி மருந்துக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டு துறைமுகப் பட்டணத்துக்குப் போனாள். இன்னொருத்தியைக் கட்டியது, வாசலில் நின்று நின்று அலுத்துப்போன அச்சகத்துக்காரர்தான். ஒரே படிக்கட்டில் இரண்டு தையல் கடை ஓடாதென்று, கீழ் வீட்டுத் தையல்காரர் ஜோடி அடுத்த தெருவுக்குக் குடிபோனது.